விடுதலைப் பத்திரத்தில் சில திருத்தங்கள்

ஜூன் 5, திங்கள்

பிரமநாயகம் போன் செய்தான். என் தம்பி. கடந்த எட்டு வருஷத்தில் அவனாக எனக்குப் போன் செய்வது இது மூன்றாவது தடவை. முதல் தடவை அம்மா போனபோது. இரண்டாவது தடவை இந்த ஏப்ரலில் அப்பா போனபோது. அதனால் அவன் பெயரைப் பார்த்ததும், "யாருல போயிட்டாவ?" என்றுதான் கேட்டேன்.

"யாரும் போவலக்கா. சும்மாதான் பண்ணுனேன்."

சும்மா பண்ணுகிற ஆளா அவன்? எங்கள் ஊர் செங்கானூரில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டதைச் சொன்னான், என் முழங்காலைக் கேட்டான், பாளையங்கோட்டையில் வெயில் எப்படி என்றான். நாலு நிமிஷம் கழித்து விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும். அதற்கு பேங்க் லோன். வீடு அப்பா பெயரில் கிடக்கிறது, அப்பா உயில் எழுதவில்லை. வாரிசு நாங்கள் இரண்டு பேர்தான். என் பாதியை அவனுக்கு விட்டுக்கொடுத்து நான் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

"ஒரே ஒரு கையெழுத்துதான்க்கா."

யாரிடம் சொல்கிறான் பாருங்கள். கோர்ட்டில் நகல் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவளிடம். ஒரே ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு இருபது வருஷம் வாய்தாவுக்கு அலைந்தவர்களின் பெயரை இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன்.

எனக்கு அந்த வீடு வேண்டாம். இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன், பின்னால் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. பென்ஷன் வருகிறது. மகன் மஸ்கட்டில் நன்றாக இருக்கிறான். என் வீட்டுக்காரர் எனக்கென்று விட்டுப்போன இந்த இரண்டாம் மாடி வீடு ஒரு ஆளுக்கு ஏகப்பட்டது.

போடுகிறேன் என்று சொன்னேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்றும் சொன்னேன்.

ஜூன் 10, சனி

இரண்டாம் சனிக்கிழமை. காலையில் பையில் துண்டு, மாத்திரை, மாற்றுச்சேலை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பா இருந்தவரை இரண்டாம் சனி என்றால் செங்கானூர் பஸ். இப்போது யாரைப் பார்க்கப் போக? எடுத்ததையெல்லாம் திரும்ப வைத்தேன். ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 19, திங்கள்

செண்பகவடிவு போன். தம்பி பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த முப்பது வருஷமாக மதினி மதினி என்பாள், அதற்கு மேல் பேச்சு கிடையாது. அடுக்களை வாசலில் நிற்பாள், காபி தருவாள், தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம் இல்லை.

"மதினி, ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றாள்.

பத்திரம் எழுதுவதற்கு முன்னால் தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டும். இ-சேவை மையத்துக்கு இவளை அனுப்பியிருக்கிறான் என் தம்பி. மகன், மகள் இரண்டு பேருடைய ஆதாரும் கொடு என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். இவள் புருஷன் ஆதாரையும் தன்னுடைய ஆதாரையும் கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணும் அப்படியே ஏற்றிவிட்டது. ஆக, அரசாங்கக் கணக்குப்படி எங்கள் அப்பாவுக்கு பிரமநாயகம் என்று ஒரு மகன், செண்பகவடிவு என்று ஒரு மகள்.

வி.ஏ.ஓ. கூப்பிட்டு, "ஏங்க, கூடப்பொறந்தவளையா கட்டியிருக்கிய?" என்று தம்பியைக் கேட்டாராம். அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

"மறுபடியும் மனு போடணுமாம் மதினி. நீங்க நேர்ல வந்தாத்தான் சரிப்படும்."

வேறு வழி? வருகிறேன் என்றேன். என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். மனுப் போட வருகிறவளுக்கு எதற்குச் சமையல்?

ஜூன் 23, வெள்ளி

செங்கானூர் போய்வந்தேன். மனு கால் மணி நேரத்தில் முடிந்தது. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் போட்டாள். நான் கோர்ட்டில் பார்த்த ஒரு மாட்டு வழக்கைச் சொன்னேன். ஒரே மாட்டுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடியதும், நீதிபதி மாட்டையே அவிழ்த்துவிட்டுப் பார்த்ததும், அது மூன்றாவது ஒருத்தன் வீட்டுக்குப் போனதும். செண்பகவடிவு சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டாள். பிரமநாயகம் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்தேன். துவையல் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள். எல்லாம் கையெழுத்துக்காகத்தான், எனக்குத் தெரியாதா.

ஜூலை 8, சனி

வாரிசு சான்றிதழ் வந்துவிட்டது. இன்றைக்குப் பத்திர எழுத்தரைப் பார்க்கப் போனோம். ஆறுமுகநயினார் என்று பெயர், சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் மேஜை போட்டிருக்கிறார். இரண்டாம் சனிக்கிழமையில் நாள் அமைந்தது தற்செயல். மற்ற நாட்களில் எனக்கு வேலை இருந்தது.

நகலை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்திலேயே பொய்.

'எனது திருமணத்தின்போது எனக்குச் சேரவேண்டிய சீர்வரிசைகள் யாவும் முறைப்படி கிடைக்கப்பெற்று, பரிபூரண திருப்தியடைந்து...'

"இது தப்பு," என்றேன். "பீரோ வரலை."

நயினார் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த பீரோம்மா?"

"எண்பத்தஞ்சுல கல்யாணம். ஸ்டீல் பீரோ ஒண்ணு தாரோம்னு மாப்பிள்ளை வீட்ல சொன்னாவ எங்கப்பா. ஆவணியில வரும்னாவ, தையில வரும்னாவ. வரலை. யாவும் கிடைக்கப்பெற்றுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட?"

"அம்மா, அது வழக்கமா எல்லாத்துலயும் எழுதுத வாசகம்."

"வழக்கமாப் பொய் எழுதுவியளோ?"

பிரமநாயகம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "பீரோ நீங்கலாகன்னு எழுதுங்க அண்ணாச்சி," என்றான்.

"சீர் வாங்கலைன்னு எழுதினா பின்னால வில்லங்கம்," என்றார் நயினார். "வாங்கினதா இருக்கதுதான் உங்களுக்கு நல்லது."

"அப்ப வாங்கிட்டே எழுதுவோம்," என்றேன். நான் நியாயத்தைத்தான் சொன்னேன். பொய் ஆவணத்தில் கையெழுத்திடும் வழக்கம் எனக்கில்லை. காலதாமதம் செய்கிறேன் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது, அதற்கு நான் பொறுப்பல்ல.

மத்தியானம் தம்பி வீட்டில் சாப்பாடு. சொதி, இஞ்சித் துவையல்.

ஜூலை 12, புதன்

பீரோ வந்துவிட்டது.

தம்பியே மினி வேனில் ஏறி உட்கார்ந்து கொண்டுவந்தான். பச்சை நிறம், கண்ணாடி வைத்தது. என் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பீரோ இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் இரண்டு மணி நேரம் வெளியே போக முடியவில்லை. ஒருவர் பீரோவுக்கு அந்தப்புறம் நின்று பால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்தார்.

கடைசியில் பிரமநாயகம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதுகைக் கொடுத்துத் தள்ளினான். அறுபது வயதாகப் போகிறது, சர்க்கரை வேறு. "விடுல, கீழேயே கெடக்கட்டும்," என்றேன். "முப்பத்தெட்டு வருசம் கழிச்சு வந்துருக்கு, வாசல்லயா போட?" என்றான். உள்ளே கொண்டுவந்து இறக்கினார்கள். வேறு இடம் இல்லாததால் அது இப்போது சமையலறை வாசலில் நிற்கிறது. பக்கவாட்டில்தான் நுழைய வேண்டியிருக்கிறது.

மோர் கொடுத்தேன். மூன்று தம்ளர் குடித்தான். பத்திரத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பீரோக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். "அப்பாவுக்கு இது மனசுல கெடந்துச்சுக்கா," என்றான். இவ்வளவு நீளமாக அவன் பேசி வெகுகாலம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பதிவு. டோக்கன் போட்டாயிற்று. சீக்கிரம் முடிந்தால் சரி.

ஜூலை 13, வியாழன்

செண்பகவடிவு போன். மூலப் பத்திரத்தைக் காணோமாம். அப்பா அந்த மனையை வாங்கிய பத்திரம். அது இல்லாமல் நாளைக்கு ஒன்றும் நடக்காது. பூஜை அறையில் வைத்ததாக ஞாபகம் என்கிறாள், பெட்டியில் வைத்ததாகவும் ஞாபகம் என்கிறாள்.

திங்கட்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் பத்திரம் பதிய என் தம்பி தலைகீழாக நின்றாலும் சம்மதிக்க மாட்டான். ஆக ஒரு மாதம் போயிற்று.

"நீங்க வந்து தேடினா கெடைக்கும் மதினி. உங்களுக்குத்தான் காகிதம் பாக்குத பழக்கம்," என்றாள். இப்படிப் பொறுப்பில்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. குரலில் வருத்தம்கூட இல்லை. தாளிக்கிற சத்தம்தான் கேட்டது.

ஜூலை 24, திங்கள்

செங்கானூரில் நாலு நாள். பத்திரம் தேடுவதற்காக.

பரணை இறக்கினோம். பெட்டிகளைக் கவிழ்த்தோம். அப்பாவின் பழைய கண்ணாடிகள் ஒன்பது, யாருடையது என்று தெரியாத பல் செட் ஒன்று, எல்.ஐ.சி. ரசீதுகள், 1991-இல் தொலைந்த கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலை நான் எடுத்துப் போனதாக அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். செண்பகவடிவை சாட்சி வைத்துக்கொண்டு அதைப் படம் பிடித்தேன்.

மூலப் பத்திரம் இல்லை.

அடுக்களையில் தேடுவோம் என்றேன். அங்கெல்லாம் இருக்காது மதினி, கரப்பான் கெடக்கு என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் அடுக்களை, அவள் கரப்பான், எனக்கென்ன.

ஒரு சாயங்காலம் நானும் அவளும் குற்றாலம் போய் அருவியில் நின்றுவிட்டு வந்தோம். கூட்டத்தில் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். எனக்கு முழங்கால் வலி என்பதால் இருக்கும். மகன் பெங்களூரில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறான் என்றாள். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்றாள். அதிலே நாலு வார்த்தை சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதாம்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பத்திரம் தேடுவதற்காக மறுபடி மூன்று நாள். கிடைக்கவில்லை. கூட்டாஞ்சோறு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி பிறந்தது. காலை ஏழு மணிக்கு பிரமநாயகம் போன். மூலப் பத்திரம் கிடைத்துவிட்டது. அரிசி டிரம்முக்குள் பாலிதீன் பையில் சுற்றி அடியில் இருந்திருக்கிறது. அவனே அரிசி அளக்கப் போய்க் கையில் தட்டுப்பட்டதாம்.

அரிசி டிரம்முக்குள் பத்திரத்தை எவள் வைப்பாள்? இதைத்தான் சொன்னேன், பொறுப்பில்லாத வீடு. செண்பகவடிவிடம் போனைக் கொடு என்றேன். அவள் தலைவலி என்று படுத்திருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நயினார் திருத்திய நகலை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். பெரிய எழுத்தாக்கிப் படித்தேன்.

'என் தம்பியின்பால் எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும்...' இதில் திருத்தம் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். முதுகைக் கொடுத்து பீரோ தள்ளினவனை என்ன சொல்ல.

'பிறர் தூண்டுதல் ஏதுமின்றி...' இதற்கு நயினாருக்குப் போன் செய்தேன். வாரத்துக்கு நாலு போன் வருகிறது, அதைத் தூண்டுதல் என்று சொல்லாமல் எப்படி என்றேன். அவர் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தச் சொன்னது கேட்டது. பிறகு, "அம்மா, நான் நாப்பது வருசமாப் பத்திரம் எழுதுதேன். இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதிக் கொடுத்ததைப் படிச்சது கெடையாது," என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் பக்கம். 'இன்று முதல் மேற்படி வீட்டில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.'

இப்படிப்பட்ட வாக்கியத்தை ஆயிரம் தடவை நகலெடுத்திருக்கிறேன். அது என்னை ஒன்றும் செய்ததில்லை.

நயினாருக்கு மறுபடி போன் செய்தேன். வந்து போகிற உரிமை நீங்கலாக என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"வந்து போறதுக்கெல்லாம் பத்திரத்துல எடம் இல்லம்மா. அது உங்க குடும்ப விசயம்."

சும்மா சட்டப்படி சாத்தியமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, புதன்

மிக்ஸி ரிப்பேர். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

திங்கட்கிழமைக்கு டோக்கன். இனித் திருத்தம் ஒன்றும் இல்லையே என்று நயினார் இரண்டு தடவை கேட்டார். தேடிப் பார்த்தேன். பக்க எண் மட்டும் கொஞ்சம் கீழே இருக்கிறது.

செப்டம்பர் 4, திங்கள்

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

பதினொரு மணி டோக்கன். சார்பதிவாளர் ஒரு இளம்பெண், முப்பத்தைந்துக்குள் இருக்கும். நாங்கள் மூன்று பேர், நயினார். செண்பகவடிவு அடையாள சாட்சி. அதாவது இவள்தான் ஆவுடையம்மாள் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. காலையிலிருந்தே அவள் முகம் சரியில்லை. இட்லி வாங்கி வைத்ததைத் தொடவில்லை.

"ஆவுடையம்மாள் நீங்கதானே? பத்திரத்தைப் படிச்சீங்களாம்மா?"

"ஏழு தடவை," என்றேன்.

"யாரும் கட்டாயப்படுத்தல இல்லையா? இனிமே அந்த வீட்ல உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாதுன்னு புரிஞ்சுதான் எழுதிக் கொடுக்கிறீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரு சொல். வாயைத் திறந்தேன், வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அதையே பத்திரத்துக்கு வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு பிரமநாயகம், "அக்கா?" என்றான்.

அப்போதுதான் செண்பகவடிவு பேசினாள்.

"எந்த உரிமையும் இல்லைன்னா என்ன அர்த்தம்? மதினி வீட்டுக்கு வரக்கூடாதா?"

"வர்றது போறது வேறம்மா. சொத்துல பங்கு இல்லைன்னு அர்த்தம்."

"அப்படின்னா நான் கையெழுத்துப் போடலை."

"நீங்க யாரு?"

"இவுக தம்பி வீட்டுக்காரி."

சார்பதிவாளர் பேனாவை மூடினார். "அம்மா, வீடே உங்க பக்கம்தான் வருது. நீங்க எதுக்குத் தடுக்கிறீங்க?"

"வரட்டும். நான் போடலை."

வெளியே போய்ப் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷ சர்வீசில் எத்தனையோ சாட்சி பிறழ்ந்து பார்த்திருக்கிறேன். தனக்கு லாபம் வரும்போது பிறழ்ந்த சாட்சி இவள் ஒருத்திதான்.

ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றோம். பிரமநாயகம் முகம் சிவந்து கிடந்தது. "ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றான்.

"மூலப் பத்திரத்தை நாந்தான் அரிசி டிரம்முல போட்டேன்," என்றாள் அவள்.

நயினார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆதாரு நெசமாவே தெரியாமச் செஞ்சது. ஆனா அன்னிக்கு மதினி வந்தாவ. பேசிட்டு இருந்தாவ. அந்த மாட்டுக் கேசைச் சொன்னாவள்லா, நான் மூணு நாளு நெனைச்சு நெனைச்சுச் சிரிச்சேன். மாமா இருந்தப்ப ரெண்டாம் சனின்னா வருவாவ. மாமாட்ட பேசுததை அடுக்களையில நின்னு கேப்பேன். மாமா போன பொறவு அதுவும் இல்ல. இதுல கையெழுத்தையும் போட்டுட்டா அப்புறம் எதுக்கு வரப்போறாவ? அதான் பத்திரத்தைத் தூக்கி உள்ள போட்டேன்."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?" என்றான் தம்பி.

"உங்ககிட்டப் பேசுததுக்கு அந்த டிரம்முகிட்டப் பேசலாம்."

நான் அவளுக்குப் பரிந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவன் என் பக்கம் திரும்பிவிட்டான்.

"நீயும்தான? பீரோ, தூண்டுதல், பக்க நம்பருன்னு மூணு மாசமா... வீட்டுக்கு வாரதுக்குப் பத்திரம் வேணும்னு எவன்க்கா சொன்னான்?"

"நீ கூப்பிட்டியால?" என்றேன். "எட்டு வருசத்துல ஒரு நாளு, ஒரு பொங்கலுக்கு, ஒரு தீவாளிக்கு, வாக்கான்னு கூப்பிட்டியா? அப்பா கூப்பிட்டாவ, வந்தேன். இனிமே நான் யாரு கூப்பிட்டு வர? என் உரிமையையும் எழுதி வாங்கிட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த வாசப்படி ஏற?"

ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பிரமநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அதற்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு பேசினான். "அப்பா கூப்பிடுதாவன்னு நான் கூப்பிடலக்கா. கூப்பிட இப்ப அப்பா இல்லைங்கது எனக்கு இன்னிக்குத்தான் உறைக்குது. எனக்குப் பேச வராதுன்னு ஒனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளையில இருந்தே நீதான எனக்கும் சேத்துப் பேசுவ."

அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை, ஜெராக்ஸ் கடைக்காரர் சாட்சி. செண்பகவடிவும் அழுதாள். நயினார் நாலு டீ சொன்னார்.

டீ குடித்து முடித்ததும் தம்பி சொன்னான், "அண்ணாச்சி, விடுதலை வேண்டாம். வீடு ரெண்டு பேரு பேருலயும் கெடக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் நயினார். "அப்புறம் லோனுக்கு அக்கா வரணும். மாடி பிளானுக்கு வரணும். கரண்டு பேரு மாத்த வரணும். எந்தக் காகிதம்னாலும் அக்கா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். போட்டு அலைக்கழிச்சிருவாங்க."

"வரட்டும்," என்றான் பிரமநாயகம்.

"சாப்பாட்டு நேரத்துக்கு வரட்டும்," என்றாள் செண்பகவடிவு.

ஏழு தடவை படித்த பத்திரத்தை நயினார் என் கையிலேயே கொடுத்துவிட்டார். இப்போது படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல பத்திரம்.

செப்டம்பர் 9, சனி

காலை ஆறரைக்கு பிரமநாயகம் போன். "அக்கா." தொண்டையைச் செருமினான். "இன்னிக்கு ரெண்டாம் சனி," என்றான். "வா."

சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டான். ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

செங்கானூர்.

லோனுக்குக் கூட்டுப் பட்டா வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அதற்காக இடத்தைப் பார்க்க இன்றைக்கு சர்வேயர் வருவதாக இருந்தது. நான் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அவர் டேப்போடு வந்து நின்றார். பொல்லாத அவசரக்காரர். பிரமநாயகம் குறுக்கே பேசாமல் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டான். வடக்குச் சுவர் அரை அடி குறைகிறது என்றார். 1958 மூலப் பத்திரத்தில் குறையவில்லை என்று நான் சொன்னேன். மறுபடி அளந்தார். குறையவில்லை.

நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தவர், நிலைப்படியில் நின்ற செண்பகவடிவைப் பார்த்து, "வீட்டுக்காரம்மா நீங்கதானே?" என்றார். பிறகு பையும் கையுமாக நின்ற என்னைக் காட்டி, "இந்தம்மா யாரு, விருந்தாளியா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றாள். "அவுக இந்த வீட்ல பொறந்தவுக. நாந்தான் பொறவு வந்தவ."

பையை உள்ளே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் நாலு பேருக்கும் காபி போட்டேன். பிரமநாயகம் ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்றான். உனக்கு இருக்கிற சர்க்கரைக்கு இதுவே அதிகம், பேசாமல் குடி என்றேன்.